டேட்டா கொடுத்தாங்க, சிக்னல்?

கொரோனா காலத்தில், 2021 ஜனவரியில், தமிழக அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆன்லைன் வகுப்புக்காக, சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினமும் 2 ஜிபி டேட்டா இலவசம். நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை.

கணக்கும் சரியாகத்தான் வருது. விநாடிக்கு 1 மெகாபிட் வீடியோ என்றால் மணிக்கு 450 எம்பி. நாலு மணி நேர வகுப்புக்கு 1.8 ஜிபி. போதும்.

ஆனா இது சமவெளிக் கணக்கு. கும்பக்கரையிலிருந்து பெருமாள்மலைக்கு ஏறும் சாலையில் இருக்கும் அடுக்கம் மாதிரியான ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே டவர் எவ்வளவு தூரம் என்பதைவிட, நடுவில் முகடு நிற்கிறதா என்பதுதான் கேள்வி. அலைபேசி அலை மலையைத் துளைத்துப் போகாது. முகட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாணவிக்கு டேட்டா கார்டு கொடுப்பது, தண்ணி வராத குழாயடிக்குக் குடம் கொடுப்பது மாதிரி.

வகுப்பை நேரலையாகத்தான் நடத்தணும்னு விதி எதுவும் இல்லை. அது நாம் தேர்ந்தெடுத்த வடிவமைப்பு. பாடத்தைக் குரலாக மட்டும் பதிந்தால் விநாடிக்கு 24 கிலோபிட் போதும், ஒரு மணி நேரப் பாடம் 11 எம்பிக்குள் அடங்கும். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஒரு தடவை நடந்துபோனால் அன்றைய பாடம் முழுக்க இறக்கிக்கொள்ளலாம். கூடவே, நேரலையில் இருந்தால்தான் வருகைப்பதிவு என்ற பிடிவாதத்தையும் விடணும்.

டேட்டாவை மொத்தமாக வாங்கிக் கொடுத்துவிடலாம். பாடத்தை மாற்றி அமைக்க, மாணவி எங்கே இருக்கிறாள் என்று முதலில் கேட்கணும். அந்தக் கேள்விக்குச் செலவே கிடையாது.