நாவாய் ஆகும் தேர்

செம்மேட்டில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரில் போகும் டாங்கியைப் பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். கடல் இங்கிருந்து வெகுதூரம். காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் லாரியே மூச்சு வாங்கித்தான் ஏறுகிறது. ஆனால் வல்வில் ஓரி சிலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், என் அக்கா மகனின் கணினியில், வாரக் கடைசி என்றால் கடற்கரைப் போர்தான். முதலில் அவனைத் திட்டுவதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு திட்ட மறந்துபோனேன்.

திருக்குறளின் இடனறிதல் அதிகாரத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு குறள்கள் இந்த வண்டிக்காகவே எழுதியவை போலத் தோன்றும். ஆழநீரில் எதையும் வெல்லும் முதலை, கரைக்கு வந்தால் மற்றவற்றிடம் தோற்கும் என்பது 495. தேர் கடலில் ஓடாது, நாவாய் நிலத்தில் ஓடாது என்பது 496. நீர்நில டாங்கி 496-ஐ மீறப் பார்க்கிற வண்டி. மீறியும் விடுகிறது. ஆனால் 495 அதை விடுவதில்லை.

வியூக விளையாட்டுகளில் இந்த வண்டிக்கு ஒரு வம்ச வரலாறே உண்டு. கிறிஸ் டெய்லர் உருவாக்கி 1997-இல் வந்த 'டோட்டல் அன்னிஹிலேஷன்' விளையாட்டில் ஒரு தரப்புக்கு 'டிரைட்டன்', எதிர்த்தரப்புக்கு 'கிராக்' என்று நீர்நில டாங்கிகள் இருந்தன. இரண்டாவதன் பெயரிலேயே முதலை வாடை. இவை மிதப்பதில்லை. கடலின் அடித்தரையில் ஊர்ந்து போய் அடுத்த கரையில் தலை காட்டும். அதே டெய்லரின் 2007 ஆம் ஆண்டு விளையாட்டான 'சுப்ரீம் கமாண்ட'ரில் சைப்ரன் தரப்பின் 'வாக்னர்' இந்த அடித்தரைப் பழக்கத்தைத் தொடர்ந்தது. யூஇஎஃப் தரப்பின் 'ரிப்டைட்' நீர்ப்பரப்பின் மேல் காற்று மெத்தையில் வழுக்கிக்கொண்டு போனது. 2008-இல் வந்த 'ரெட் அலர்ட் 3' இன்னும் தாராளம். அதில் ஜப்பானியப் பேரரசின் 'சுனாமி டாங்கி'க்கு நீரும் நிலமும் ஒன்றுதான்.

இந்த இரண்டு குலங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சின்னதல்ல. அடித்தரையில் ஊர்வதைச் சாதாரண நிலப் பீரங்கி தொட முடியாது. அதை எட்டுவது டார்பிடோதான், கண்டுபிடிப்பது சோனார்தான். இரண்டும் இல்லாத எதிரிக்கு அது கரையேறும் வரை இல்லாத பொருள். மேலே வழுக்கிப் போவது எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் டார்பிடோவுக்கு அது இரை ஆவதில்லை. ஆக, முதலாவதை ஒளிவதற்கு வைத்துக்கொள்ள வேண்டும், இரண்டாவதை ஓடுவதற்கு. இதை மாற்றிச் செய்கிறவர்கள்தான் 'இந்த டாங்கி தண்டம்' என்று சொல்லித் திரிகிறார்கள்.

நேருக்கு நேர் நிறுத்தினால் அது தண்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதே விலைக்குக் கிடைக்கும் தரை டாங்கி அதை அடித்துவிடும். போர்க்கப்பலோடு ஒப்பிடவே வேண்டாம். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இருப்பவனுக்கு இரண்டு இடத்திலும் அரைச் சம்பளம்தானே. அப்படியென்றால் அதன் பலம் எங்கே இருக்கிறது?

எங்கள் மலையை வைத்தே சொல்கிறேன். கொல்லிமலைக்குப் போக வழி எது என்று கேட்டால் காரவள்ளிச் சாலையைச் சொல்வார்கள், இல்லையென்றால் முள்ளுக்குறிச்சிப் பக்கத்துச் சாலையை. இரண்டிலும் ஆள் போட்டுவிட்டால் மலை பத்திரம் என்று வெளியூர்க்காரன் நினைப்பான். புளியஞ்சோலையிலிருந்து ஆகாய கங்கைப் பக்கம் ஏறிவரும் ஒற்றையடித் தடம் அவன் கணக்கில் இருக்காது. அந்தத் தடத்தில் ஒரு படையே ஏறி வர வேண்டும் என்பதில்லை. பத்துப் பேர் வரலாம் என்று தெரிந்துவிட்டாலே போதும், காவலை மூன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கும். நீர்நில டாங்கி செய்வது இதைத்தான். எதிரி இதுவரை மதில் என்று நம்பி முதுகைக் காட்டிக்கொண்டிருந்த நீரை அது பாதையாக்குகிறது. அதன் குண்டைவிட, காவலைப் பிரிக்க எதிரிக்கு ஆகும் செலவுதான் பெரிய அடி.

ஆடும் முறையும் இதிலிருந்தே வருகிறது. எதிரியின் வளம் எடுக்கும் யந்திரங்களில் சில எப்போதும் கரையோரம் இருக்கும். முதல் குறி அவை. எதிரியின் பெரும்படை தரைப்பக்கம் முன்னேறிய பிறகுதான் கரையேற வேண்டும், அதற்கு முன்னால் கூடாது. அடித்தரையில் ஊரும் வண்டிகள் வரிசையாகப் போனால் ஒவ்வொன்றாகத்தான் தலை தூக்கும். ஒவ்வொன்றாகவே சாகும். கரைக்குச் சற்று முன்பே, நீருக்குள்ளேயே, அவற்றைப் பக்கவாட்டில் விரித்து நிறுத்திவிட்டு ஒரே மூச்சில் ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டுத் தளபதி இதைக் கற்றுக்கொள்வதற்குள் எத்தனை டாங்கிகளைப் பலி கொடுத்தான் என்று நான் எண்ணவில்லை. அடித்துவிட்டு எதிரியின் படை திரும்பி வருவதற்குள் மறுபடி நீருக்குள் போய்விட வேண்டும். ஆசைப்பட்டு நிற்கிறவன் 495-ஆம் குறளுக்கு உரை எழுதுகிறான்.

விளையாட்டு இவ்வளவு தூரம் உண்மையைச் சொல்கிறது. சொல்லாமல் விடுவதும் நிறைய.

நிஜ வண்டிக்கு வருவோம். சோவியத் தயாரிப்பான பிடி-76, 1950-களின் தொடக்கத்தில் வந்தது. எடை 14 டன், பீரங்கி 76 மில்லிமீட்டர், உள்ளே மூன்று பேர். பின்னால் இரண்டு நீர்த்தாரைகள் தள்ள, நீரில் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் போகும். மிதக்க வேண்டும் என்பதற்காகக் கவசத்தை மெலிதாக்கினார்கள். பெரிய துப்பாக்கி குண்டே துளைத்துவிடும் என்ற அளவுக்கு மெலிது. இந்தியப் படையின் 45-ஆவது குதிரைப்படைப் பிரிவில் இதற்குச் செல்லப் பெயர் 'பிப்பா'. பஞ்சாபியில் காலி நெய் டின். நம் ஊரில் கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைகளின் முதுகில் சுரைப்புருடை கட்டிவிடுவார்களே, அந்த வகை. 2023-இல் ஏ.ஆர். ரகுமான் இசையில் இதே பெயரில் இந்திப் படமும் வந்தது.

படத்துக்குக் கரு 1971 நவம்பரில் நடந்த கரீப்பூர் சண்டை. அந்தப் பிரிவின் 14 பிப்பாக்கள் 14-ஆவது பஞ்சாப் படையணியோடு ஆற்றைக் கடந்து, கிழக்கு பாகிஸ்தானுக்குள் கரீப்பூரில் இடம் பிடித்தன. 21-ஆம் தேதி காலைப் பனிமூட்டத்தில் அமெரிக்கத் தயாரிப்பான சாஃபி டாங்கிகளோடு பாகிஸ்தான் படை தாக்கியது. வந்த டாங்கிப் பிரிவு ஏறக்குறைய முழுதாக அழிந்தது. பிப்பாக்களை நடத்திய மேஜர் தல்ஜித் சிங் நாரக் அங்கேயே இறந்தார். அவருக்கு மகாவீர் சக்கரம் அளித்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, வென்ற சண்டை நீரில் நடக்கவில்லை. நீர் அவர்களை இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது, அவ்வளவுதான். மெலிந்த கவசத்தை ஈடுகட்டியது மறைவிடமும் பனியும் காத்திருப்பும்.

அடுத்த மாதமே மேக்னா நதி அதே வண்டியின் மறுபக்கத்தைக் காட்டியது. அசுகஞ்ச் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்துவிட்டது. நீந்தும் டாங்கி இருக்கும்போது பாலம் எதற்கு என்று தோன்றும். ஆனால் அரை மணி நேரம் நீந்தினாலே பிடி-76-இன் இயந்திரம் சூடேறிவிடும். மேக்னாவோ அரை மணியில் கடந்துவிடும் நதியல்ல. உள்ளூர்ப் படகுகளால் கட்டி இழுக்க வேண்டியதாயிற்று. லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங் டாங்கிகளுக்காகக் காத்திருக்காமல் டிசம்பர் 9 முதல் மி-4 ஹெலிகாப்டர்களில் ஆட்களை அக்கரையில் இறக்கினார். விளையாட்டுத் திரையில் இயந்திரச் சூட்டைக் காட்ட ஓர் அளவுக்கோடுகூடக் கிடையாது.

அலைக்கும் கிடையாது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாகா கரைக்கு அமெரிக்காவின் 741-ஆவது டாங்கிப் படை, கித்தான் திரை கட்டிய 29 ஷெர்மன்களைக் கடலில் இறக்கியது. 27 மூழ்கின. கடல் அடங்கியிருந்த வேறு கரைகளில் அதே வண்டிகள் பெரும்பாலும் நல்லபடியாகக் கரை சேர்ந்தன.

என் தீர்ப்பு இதுதான்: வியூக விளையாட்டு நீர்நில டாங்கியின் மனோதத்துவத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது, உடம்பைக் கோட்டை விட்டுவிட்டது. நிஜத்தில் அந்த உடம்பைச் செய்யும் வேலை இன்னும் ஓயவில்லை. ஆவடியில் உள்ள போர் ஊர்தி ஆய்வு நிறுவனம் எல் அண்ட் டி-யோடு சேர்ந்து உருவாக்கிய 'சோராவர்' டாங்கி 2024 ஜூலையில் வெளியே காட்டப்பட்டது. 105 மில்லிமீட்டர் பீரங்கி, சுமார் 25 டன் எடை. லடாக்கின் உயரத்துக்காகச் செய்தது, ஆறு ஏரிகளிலும் இறங்கும். மலையேறும் வண்டிக்கே நீச்சலும் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கிற காலம் வந்துவிட்டது.

விளையாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த வரைபடத்தில் உங்கள் முதுகுப்பக்கம் ஓர் ஏரி தெரிந்தால், தொழிற்சாலை கட்டுவதற்கு முன்னால் அந்தக் கரையில் ஒரு சோனாரையும் ஒரு டார்பிடோ ஏவியையும் வைத்துவிடுங்கள்.