ஹுமானே வீத்தே: 17-ஆம் பத்தியும் 23-ஆம் பத்தியும்

போப் ஆறாம் பவுல் 1968 ஜூலையில் வெளியிட்ட 'ஹுமானே வீத்தே' சுற்றுமடலைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் 14-ஆம் பத்தியோடு நின்றுவிடுகிறார்கள். செயற்கைக் கருத்தடை கூடாது என்று சொல்லும் இடம் அது. எனக்கு உறுத்துவது 17, 23 ஆகிய இரண்டு பத்திகளும்தான்.

17-ஆம் பத்தியில் ஒரு நியாயமான பயம் இருக்கு. கருத்தடையை ஏற்றுக்கொண்டால், நாளைக்கு அரசாங்கமே அதை மக்கள் மேல் திணிக்காதா, தம்பதிகளின் அந்தரங்கத்தில் அரசு கைவைக்காதா என்று போப் கேட்கிறார். இதைச் சும்மா பயமுறுத்தல் என்று தள்ளிவிட முடியாது. எமர்ஜென்சி காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவை சிகிச்சைகள் நடந்தன. அதில் எத்தனை பேரை மிரட்டி இழுத்துப் போனார்கள் என்பதை நம்ம பெரியவர்களிடம் கேட்டாலே சொல்வார்கள்.

ஆனால் ஆறு பத்தி தள்ளிப் போனால் அதே கடிதம் ஆட்சியாளர்களைக் கூப்பிடுகிறது: இயற்கைச் சட்டத்துக்கு விரோதமான முறைகள் சட்டத்தின் வழியாகக் குடும்பத்துக்குள் வர விடாதீர்கள் என்று. அரசு அந்தரங்கத்தில் நுழையக்கூடாது என்றால் இரண்டு பக்கமும்தானே நுழையக்கூடாது? திணிப்பது தப்பு, தடுப்பது மட்டும் சரி என்பதற்கு மடலில் காரணம் இல்லை. போப் அமைத்த ஆணையத்திலேயே பெரும்பான்மையினர் 1966-இல் மாற்றத்துக்குச் சாதகமாகச் சொல்லியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். திருச்சபைக்குள்ளேயே தீராத வழக்கை மற்றவர்களுக்கும் சட்டமாக்கச் சொல்கிறார்கள்.

விளைவைப் பார்க்க மணிலாவுக்குப் போகலாம். 2000-இல் மேயர் லிட்டோ அட்டியென்சா ஓர் உத்தரவு போட்டார். நகராட்சி இயற்கை முறையை ஆதரிக்கும், செயற்கை முறைகளை ஊக்கப்படுத்தாது என்றுதான் அதில் இருந்தது. தடை என்று நேரடியாக எதுவும் இல்லை. நடைமுறையில் நகராட்சி சுகாதார நிலையங்களில் மாத்திரை, ஆணுறை, காப்பர்-டி எல்லாம் நின்றுபோச்சு. இது பெண்களின் உரிமையை மீறியது என்று ஐ.நா.வின் பெண்கள் பாகுபாடு ஒழிப்புக் குழு 2015-இல் சொன்னது.

இதில் கவனிக்க வேண்டியது, மருந்துக்கடைகளில் விற்பனை நடந்துகொண்டுதான் இருந்தது. காசு இருந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள். இலவச மாத்திரையை நம்பியிருந்த குடிசைப்பகுதிப் பெண்களுக்கு மட்டும் 23-ஆம் பத்தி சட்டமாச்சு.