வழுவுற்ற பாடமும் வாசிப்பின் நெறியும்: லாஸியோ நிரல் நூலகம் பற்றிய ஒரு நோக்கு

விமர்சனம் என்றவுடன் இலக்கியப் பனுவல்களே நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின், பழுதுற்ற பாடமொன்றைப் பிறர்க்கு வாசித்துத் தருபவன் எந்நெறியில் நிற்றல் வேண்டும் என்னும் வினா, கணினிச் செய்நிரலுக்கும் பொருந்துவதே. பைதன் மொழியில் எழுதப்பட்டு, எம்.ஐ.ரி. உரிமத்தின் கீழ் எவரும் எடுத்தாளவும் திருத்தவும் இசைவளிக்கப்பட்டுள்ள லாஸியோ என்னும் சிறு நிரல் நூலகம் அவ்வகையில் நமது கவனத்துக்குரியது. துளைக்கிணறுகளின் பதிவுக் கோப்புகளை வாசிப்பதே அதன் பணி.

துளைக்கிணற்றினுள் கருவியை இறக்கிப் பாறையின் மின்தடைத்திறன், காமாக் கதிர்வீச்சு முதலியவற்றை ஆழத்துக்கேற்ப அளந்து குறிப்பதே கிணற்றுப் பதிவு. இம்முறையிலமைந்த முதல் மின்பதிவு 1927இல் பிரான்சின் பெஷெல்புரோன் எண்ணெய் வயலில் எடுக்கப்பட்டது. நெடுங்காலம் தாட்சுருளில் வளைகோடாக இருந்த இப்பதிவுகளைச் சிறு கணினிகளிற் கையாளும் பொருட்டு, கனடியக் கிணற்றுப் பதிவாளர் சங்கம் 1989இல் ‘லாஸ்’ என்னும் எளிய எழுத்துவடிவக் கோப்பு நியமத்தை வெளியிட்டது. 1992இல் இரண்டாம் பதிப்பு வந்தது. தலைப்பில் கிணற்றின் விவரம். கீழே எண் நிரைகள். அளவை கிடைக்காத இடங்களில் -999.25 போன்றதொரு வெற்றுக்குறி. இவ்வளவே அதன் அமைப்பு.

எளிமையே இந்நியமத்தின் பலம், அதுவே பலவீனமுமாயிற்று. எவரும் எழுதக்கூடியதை எவரும் பிழையாகவும் எழுதினர். தலைப்பு வெற்றுக்குறியை -9999 என்று கூற, உள்ளே -999.25 காணப்படும். முதற் பதிப்பின் கிணற்று விவரப் பகுதியிலே பெறுமானமும் விளக்கமும் நின்ற இடங்கள் இரண்டாம் பதிப்பில் மாறிவிட்டமையால், இரண்டையும் கலந்தெழுதிய கோப்புகளும் உள. சிமெந்திட்டு மூடிக் கைவிடப்பட்ட கிணற்றை மீள அளத்தல் பெரும்பாலும் இயலாது. எனவே பிழை மலிந்த அக்கோப்பே பல விடத்தும் எஞ்சியுள்ள ஒரே சான்றாகும். பிழையுடையதென்று தள்ளிவிடாது இயன்றவரை வாசித்துவிடுவதென லாஸியோ மேற்கொண்ட நிலைப்பாடு இதனாலேயே ஏற்புடையதாகின்றது.

ஆயினும் தாராளத்துக்கும் எல்லையுண்டு. வெற்றுக்குறி பற்றி இந்நூலகம் படிமுறையான கொள்கைகளை வகுத்துள்ளது. இயல்பாக அமைந்த கண்டிப்பான கொள்கையின்படி, தலைப்பிற் கூறப்பட்ட எண் மட்டுமே வெற்றாகக் கொள்ளப்படும். தலைப்பு தவறாயின் வெற்றுக்குறிகள் அளவைகளாக நின்றுவிடும். நூறு வாசிப்புகளில் தொண்ணூறு 60 ஆகவும், பத்து -999.25 ஆகவும் இருப்பின் சராசரி -45.9 என வரும். காமாக் கதிர்வீச்சு மறையெண்ணாதல் இயலாதாகையால் இப்பிழை தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். தாராளமான கொள்கையோ 999, 32767 முதலிய எண்களையும் வெற்றென நீக்கிவிடும். செறிந்த சுண்ணாம்புக்கல்லில் 999 ஓம்-மீற்றர் உண்மையான தடைத்திறனாக இருத்தல் கூடும். இவ்வாறு நீங்கிய அளவை எவர் கண்ணிலும் படாது. கண்டிப்பானதை இயல்பாக வைத்தமை, எனது கருத்தில், இந்நூலகத்தின் மிகச் சிறந்த தீர்மானம்.

அதே நிதானம் ஒட்டெண்கள் விடயத்திற் காணப்படவில்லை. நிரையின் அகலம் வரையறுக்கப்பட்ட பழைய கோப்புகளிலே முன்னெண்ணோடு அடுத்த எண்ணின் மறைக்குறி ஒட்டிக்கொள்ளும்: 2505.000-999.2500 என்றவாறு. புள்ளியும் சொல்லிடைவெளியுமற்ற ஏடுகளைப் படித்த நம் பதிப்பாசிரியர்க்கு இத்தொல்லை புதிதன்று. இரு இலக்கங்களுக்கிடையே சிறுகோடு வரின் அதன் முன்னே இடைவெளி இடுவதென்பது லாஸியோவின் விதி. எண்களுக்கு இது நன்று. ஆயின் நிரையொன்றில் 2018-05-22 எனத் திகதி இருந்தால், அதே விதி அதனை மூன்றாகப் பிளந்துவிடக்கூடும். விதியை நிறுத்திவைக்க வழியுண்டு என்பது உண்மையே. எனினும் நிறுத்தவேண்டுமென்று அறிவதற்கு மூலக் கோப்பை முன்னரே கண்ணாற் பார்த்திருத்தல் வேண்டும்; ஆயிரம் கோப்புகளை ஒருங்கே வாசிப்போர் அங்ஙனம் பார்ப்பதில்லை.

நமது முதன்மையான ஆட்சேபம் இதுவே. நல்ல பதிப்பாசிரியன் தான் ஊகித்த பாடத்தை மூலத்திலேற்றினால் அடிக்குறிப்பில் ஏட்டின் பாடத்தையும் தருவான். லாஸியோ வாசித்துத் தரும் எண் நிரையிலோ, மூலத்தில் வெறுமையாயிருந்தது எது, கொள்கையால் வெறுமையாக்கப்பட்டது எது என்று பிரித்தறிய அடையாளமெதுவும் எஞ்சுவதில்லை. இரண்டும் ‘எண் அன்று’ என்ற ஒரே குறியாகவே நிற்கின்றன. ஒரே பெயருடைய இரு வளைகோடுகள் வரின் அவற்றின் பெயர்களோடு :1, :2 எனச் சேர்த்துத் தன் தலையீட்டை வெளிப்படையாகவே காட்டும் நூலகம் இது. பெயர்களுக்குக் காட்டிய அந்நேர்மையை எண்களுக்கும் காட்டுமாறு, திருத்திய இடங்களின் நிரலொன்றைத் தரவோடு சேர்த்தளித்தல் பெருவேலையன்று. மூலநிரல் திறந்தே கிடக்கின்றமையால், அதனைச் செய்ய ஆக்கியோரைக் காத்திருக்கவேண்டிய அவசியமும் இல்லை.