பேசுவோரும் பேசாதோரும்
இயேசுவின் பிறப்புப் பற்றிய விவிலிய, குர்ஆனியக் கூற்றுகள்: ஓர் ஒப்புநோக்கு

1

சமய நூல்களை ஒப்பிட்டு நோக்கும் முயற்சிகள் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றிலேயே சென்று முடிவதைக் காண்கிறோம். ஒன்று கண்டன வழி. ஒரு மறையை அளவுகோலாகக் கொண்டு மற்றையதிலுள்ள வேறுபாடுகளைப் பிழைகளாகப் பட்டியலிடுவது. மற்றது சமரச வழி. ஒற்றுமைகளை மட்டும் பொறுக்கியெடுத்து, எல்லாம் ஒன்றே எனக் கூறி அமைவது. முன்னையது வேறுபாட்டிற் பகையையே காண்கிறது. பின்னையது வேறுபாட்டைக் காணவே அஞ்சுகிறது. இரண்டிலும் பாடம் உரியவாறு வாசிக்கப்படுவதில்லை.

கிறித்தவர் இயேசு எனவும் இஸ்லாமியர் ஈஸா நபி எனவும் போற்றுபவரின் பிறப்பு இவ்விரு சாராருக்கும் வாய்ப்பான பொருளாக இருந்துவந்துள்ளது. அவர் கன்னியிடத்துத் தந்தையின்றிப் பிறந்தார் என்பதில் விவிலியமும் குர்ஆனும் உடன்படுகின்றன. அவர் தேவகுமாரர் என்பதில் முற்றாக மாறுபடுகின்றன. இவை பலராலும் பேசப்பட்டவை. நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. இக்கூற்றுகளிற் பேசுபவர் யார்? பேசாதிருப்பவர் யார்? மணவாழ்வுக்கு முன் கருவுற்ற பெண்மீது சமூகம் சுமத்தும் பழிக்கு விடை கூறுபவர் யார்? இவ்வினாக்களைக் கொண்டு நோக்குமிடத்து, இறையியல் விவாதத்தின் ஆரவாரத்தில் மறைந்துபோகும் சில உண்மைகள் புலனாகும் என்பதே எமது கருத்து.

2

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். 'கிறித்தவக் கூற்று' என ஒருமையிற் கூறத்தக்க ஒன்று இல்லை. நான்கு நற்செய்திகளுள் முந்தியதெனப் பெரும்பாலான அறிஞர் கொள்ளும் மாற்குவிலும், யோவானிலும் பிறப்புக் கதை இடம்பெறவில்லை. மத்தேயுவும் லூக்காவுமே அதனைக் கூறுகின்றன. அவையும் தம்முள் வேறுபடுகின்றன. மத்தேயுவில் பெத்லகேமில் ஒரு வீடு, கீழ்த்திசை ஞானியர், ஏரோதின் கொலைவெறி, எகிப்துக்குத் தப்பியோடல் என்பன வருகின்றன. லூக்காவில் நாசரேத்திலிருந்து செய்யும் பயணம், குடிமதிப்பு, முன்னணை, இடையர் என்பன வருகின்றன. ஏரோது இறந்தது கி.மு. 4 எனவும் சிரேனியுவின் குடிமதிப்பு கி.பி. 6 எனவும் வரலாற்றாசிரியர் பொதுவாகக் கொள்வதால் காலத்தைப் பொருத்துவதும் எளிதன்று. கத்தோலிக்கக் குருவும் விவிலிய அறிஞருமான றேமண்ட் பிறவுண் 1977 இல் வெளியிட்ட விரிவான ஆய்விலே, இவ்விரண்டையும் வெவ்வேறு இறையியல் நோக்குடைய தனித்தனிப் படைப்புகளாகவே கொண்டமை மனங்கொளத்தக்கது.

மத்தேயுவின் பிறப்புக் கதையில் மரியாள் ஒரு சொல்லேனும் பேசுவதில்லை. தேவதூதன் தோன்றுவது யோசேப்பின் கனவிலேயே. நியமிக்கப்பட்ட பெண் பிற ஆடவனோடு கூடினால் கல்லெறிந்து கொல்லப்படல் வேண்டும் என்பது உபாகமத்தின் விதி. அவ்விதி நிழலாக நிற்கும் சூழலில், நீதிமானாகிய யோசேப்பு அவளை இரகசியமாக விலக்கிவிட எண்ணுகிறான்; கனவின் பின் ஏற்றுக்கொள்கிறான். அவனும் வாய்திறப்பதில்லை. ஆயின் அவனது செயல் அவளுக்குச் சட்டத்தின் காப்பையும் பிள்ளைக்குத் தாவீதின் மரபையும் அளித்துவிடுகிறது. ஆடவர் பெயர்களே நிரம்பிய வம்சவரலாற்றில் தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி ஆகிய நால்வரை மத்தேயு இணைத்திருப்பதும் தற்செயலானதாகத் தோன்றவில்லை. வழக்கத்துக்கு மாறான உறவுகளினூடாகவே அம்மரபு தொடர்ந்தது என அவர் முன்கூட்டியே நினைவூட்டுகிறார் எனலாம்.

லூக்காவில் நிலைமை தலைகீழாகிறது. ஐயுற்ற ஆசாரியன் சகரியா ஊமையாகிறான். நாசரேத்தின் இளம்பெண் தூதனிடம் வினாத் தொடுக்கிறாள், இசைவு தெரிவிக்கிறாள், பின் எலிசபெத்தின் இல்லத்திற் பாடுகிறாள். வலியோர் ஆசனங்களிலிருந்து தள்ளப்படுதலையும், பசித்தோர் நிறைவடைதலையும், செல்வர் வெறுங்கையராய் அனுப்பப்படுதலையும் அப்பாடல் பேசுகிறது. சாமுவேலின் தாய் அன்னாளின் பழைய பாடலை அது அடியொற்றியதாயினும், அதன் வர்க்கக் குரல் ஐயத்துக்கிடமற்றது. பிள்ளைக்காகக் கோயிலிற் செலுத்தப்பட்டது ஆட்டுக்குட்டி வாங்க இயலாத ஏழைகளுக்கென விதிக்கப்பட்ட பறவைக் காணிக்கை என்பதையும் லூக்காவே குறிப்பிடுகிறார். ஆயினும் ஒன்று கூறுதல் வேண்டும். மரியாளைப் பேசவைக்கும் லூக்கா அவள்மீது எழக்கூடிய பழியைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. ஊராரின் குரல் அங்குக் கேட்பதேயில்லை.

3

அந்தக் குரல் கேட்பது குர்ஆனில். 98 வசனங்கள் கொண்ட மக்கா கால அத்தியாயமாகிய ஸூரா மர்யம், லூக்காவைப் போலவே முதிய ஸகரிய்யாவின் வேண்டுதலுடன் தொடங்குகிறது. அவர் மூன்று இரவுகள் பேசாதிருத்தல் இங்குத் தண்டனையாகக் கூறப்படவில்லை, அடையாளமாகவே அமைகிறது. பின் கதை மர்யமிடம் செல்கிறது. யோசேப்பு இங்கு இல்லை; எலிசபெத்தின் இல்லமும் இல்லை. தனித்து ஒதுங்கியவள் தனித்தே கருவுற்று, தொலைவிடம் சென்று, பேற்றுநோவினால் ஒரு பேரீச்ச மரத்தின் அடியை நாடுகிறாள். இதற்கு முன்பே தான் இறந்து மறக்கப்பட்டிருக்கலாகாதா எனக் கதறுகிறாள். பிரசவத்தை ஒரே வாக்கியத்திற் கூறிமுடிக்கும் லூக்காவையும், அதனைத் தொட்டு மட்டும் செல்லும் மத்தேயுவையும் நோக்க, ஒரு பெண்ணின் உடல்நோவுக்கும் உளநோவுக்கும் இங்குத் தரப்பட்ட இடம் வியக்கத்தக்கது.

கீழிருந்து எழும் குரல் அவளைத் தேற்றுகிறது. அது ஜிப்ரீலின் குரலா, பிறந்த குழந்தையின் குரலா என்பதில் விரிவுரையாளரிடையே இரு கருத்துகள் உண்டு. நீரூற்று அருளப்படுகிறது; கனியை மரத்தை உலுக்கி அவளே பெறல் வேண்டும். அதன்பின் அவள் பேசா நோன்பு பூணுகிறாள். பிள்ளையைச் சுமந்து ஊருக்குத் திரும்பியதும் உறவினர் தந்தையின் நற்பெயரையும் தாயின் ஒழுக்கத்தையும் எடுத்துக்கூறிக் குத்திக்காட்டுகின்றனர். அவள் விடையிறுக்காது பிள்ளையைச் சுட்டுகிறாள். தொட்டிற் குழந்தை பேசுகிறது: தான் இறைவனின் அடியான், வேதம் வழங்கப்பட்ட நபி, தாய்க்கு நன்மை செய்பவன் என்று. சில வசனங்களுக்கு முன் யஹ்யா பெற்றோர் இருவருக்கும் நன்மை செய்பவராகக் கூறப்பட்டிருத்தலை இதனோடு ஒப்பிடுக. ஒரு சொல்லின் மாற்றத்திலேயே ஒரு பெண்ணின் கற்பு நிறுவப்பட்டுவிடுகிறது. குழந்தையின் பேச்சு முடியுமட்டும் தொடரும் இயைபு, தேவகுமாரக் கொள்கையை மறுக்கும் 34ஆம் வசனத்திலிருந்து சிறிது தூரம் மாறியமைகிறது. கதை கூறும் இடமும் வாதிடும் இடமும் ஓசையாலேயே பிரித்துணரத்தக்கவை.

4

இவ்விடத்துக் 'கடன் பெறல்' பற்றிய வாதத்தையும் நோக்குதல் பொருந்தும். மூன்றாம் அத்தியாயமாகிய ஆலஇம்றானில் மர்யம் இறைபணிக்கென நேர்ந்துவிடப்பட்டமை, அவளுக்கு அற்புதமாக உணவு கிடைத்தமை, அவளைப் பொறுப்பேற்பவரைத் தெரிய எழுதுகோல்கள் எறியப்பட்டமை என்பன கூறப்படுகின்றன. இவற்றை ஒத்த செய்திகள் கி.பி. இரண்டாம் நூற்றாண்டினதாகிய யாக்கோபின் முன்னற்செய்தியில் உள்ளன. பேரீச்சை நிகழ்ச்சியோ போலி மத்தேயு எனப்படும் இலத்தீன் நூலில் எகிப்துப் பயணத்தின்போது வருகிறது. ஆயின் அந்நூல் ஏழாம் நூற்றாண்டை ஒட்டியோ அதன் பின்னரோ எழுந்தது என்பது ஆய்வாளர் பலரது கருத்தாதலால், அதனைக் குர்ஆனின் மூலம் எனத் துணிதல் பொருந்தாது. டெலோஸ் தீவிலே பனையினத்து மரமொன்றைப் பற்றி அப்பொலோவை ஈன்ற லீற்றோவின் கிரேக்கக் கதையையும் சிலர் சுட்டியுள்ளனர். இக்கதைக்கூறுகள் கீழைத் தேயங்களின் பொதுச்சொத்தாக உலவின என்பதே ஏற்புடைத்து. யார் எதனைப் பெற்றார் என்பதினும், பெற்றதனை எவ்வாறு மாற்றினார் என்பதே திறனாய்வாளன் கவனிக்கவேண்டியது. போலி மத்தேயுவில் யோசேப்பு அருகிருக்க, குழந்தை கட்டளையிட மரம் வளைகிறது. குர்ஆனில் நோவுற்ற தாய் தன் கையால் உலுக்குகிறாள்.

இம்மாற்றத்திற்குச் சமூக அடித்தளம் ஒன்று உண்டு எனக் கருதுகிறோம். இப்னு இஸ்ஹாக்கின் நபி வரலாற்றின்படி, மக்காவின் கொடுமைக்கு அஞ்சி அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்த முஸ்லிம்கள் அந்நாட்டுக் கிறித்தவ மன்னன்முன் ஓதியது இவ்வத்தியாயத்தின் தொடக்கத்தையே. உறவினரால் பழிக்கப்பட்டு ஒதுங்கியவளின் கதை, குலத்தாரால் புறக்கணிக்கப்பட்ட ஒரு சிறு கூட்டத்தினருக்குத் தம் கதையாகவே ஒலித்திருக்கும். மர்யம்மீது கூறப்பட்ட அவதூறைக் குர்ஆன் பிறிதோரிடத்தும் வன்மையாகக் கண்டிக்கிறது.

தமிழிலும் இக்கதையின் ஒரு கிளை தழைத்தது. வீரமாமுனிவர் 1726 இல் நிறைவு செய்த தேம்பாவணியின் தலைவன் வளன் எனத் தமிழாக்கப்பெற்ற யோசேப்பே. குர்ஆனிற் காணப்படாத பாத்திரம், மத்தேயுவில் பேசாதிருந்த பாத்திரம், தமிழிற் காப்பியத் தலைவனாகிறது. மரபு எதனை வளர்க்கிறது என்பது அதனை வளர்ப்போரின் தேவையைப் பொறுத்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

முற்போக்கு நோக்கினர் இவ்விடத்து அவசரப்படலாகாது. லூக்காவின் பாடலிலும் மர்யமின் கதறலிலும் ஒடுக்கப்பட்டோர் குரலைக் கேட்பது நியாயமே. ஆயின் பழி தீர்வது கனவினால் அல்லது அற்புதத்தினால். கனவு வராத யோசேப்பின் மனைவிக்கும், தொட்டிலிற் பேசாத குழந்தையின் தாய்க்கும் யார் விடை கூறுவர்? ஒரு பெண்ணின் களங்கமின்மை நிறுவப்படுகிறது. பெண்ணை அவ்வாறு விசாரணைக்குட்படுத்தும் சமூகத்தின் உரிமை இக்கதைகளில் வினாவப்படுவதில்லை. இதனைக் கூறுதல் மறைகளைக் குறைத்து மதிப்பிடுவதாகாது. அவை தம் காலத்துப் பழிச்சொல்லுக்கு எதிராக அப்பெண்ணின் பக்கமே நின்றன. பேசாதவளுக்காக ஒருவர் பேசவேண்டியிருந்தது என்பதை இரண்டும் ஒப்புக்கொள்கின்றன. அவள் தானே பேசவும், பேசியது கேட்கப்படவும் வேண்டும் என்பது அவற்றை வாசிக்கும் எம்மிடம் விடப்பட்ட கடன்.