கடம்பூர்க் கொலையும் உடையார்குடிக் கல்லும்

துப்பறியும் கதை என்றால் நம்மில் பலருக்குக் கொஞ்சம் இளக்காரம். இராத்திரி தூங்காமல் படித்துவிட்டுக் காலையில் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிற சமாசாரம் அது. அப்படிப்பட்டவர்களை ஒன்று கேட்கிறேன்: 'பொன்னியின் செல்வ'னை எதற்காகப் படித்தீர்கள்? 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வாசகர்கள் காத்துக் கிடந்தது சோழர் பெருமைக்காக மட்டுமா? ஆதித்த கரிகாலன் என்ன ஆவான், நந்தினியின் மனத்தில் இருப்பது காதலா பழியா என்று தெரிந்துகொள்ளத்தானே!

கடைசியில் என்ன நடக்கிறது? கடம்பூர் மாளிகையில் கரிகாலன் செத்துக் கிடக்கிறான். கொன்ற கை எது என்று கல்கி அடித்துச் சொல்லவில்லை. சந்தேகம் வந்தியத்தேவன் மேல் விழுகிறது. அவனைக் காப்பாற்ற மணிமேகலை பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். பெரிய பழுவேட்டரையரும் 'நானே' என்கிறார். குற்றவாளி அகப்படாத கதைகள் உண்டு. குற்றவாளியாவதற்கு ஆட்கள் போட்டி போடும் கதை, நான் படித்ததில் இது ஒன்றுதான்.

ஆசிரியர் ஏமாற்றிவிட்டார் என்று நானும் குறைப்பட்டதுண்டு. உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் குறை போய், வேறொரு குறை வந்தது.

கொள்ளிடத்துக்கு வடக்கே, காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது அந்தக் கல்வெட்டு. கொலை நடந்தது ஏறக்குறைய 970-ல். 985-ல் பட்டத்துக்கு வந்த தம்பி ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டில்தான் துரோகிகளின் பெயர் கல்லில் ஏறுகிறது: சோமன், ரவிதாசன், பரமேசுவரன். ஏன் இத்தனை தாமதம்? இடையில் ஆண்ட உத்தம சோழன் மேல் நீலகண்ட சாஸ்திரியார் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். கல் இருவருக்கும் பதில் சொல்லவில்லை. அது நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. துரோகிகளின் நிலம், உடன்பிறந்தார் நிலம், அவர்கள் சகோதரிகளைக் கட்டிக்கொண்டவர்களின் நிலம் எல்லாம் பறிமுதல் என்று ஊர்ச் சபைக்கு வந்த அரச ஆணை அது.

நெல் விளையும் சீமையில் பிறந்தவனுக்கு இது உறைக்கும். எங்கள் பக்கத்தில் காணி போனால் குடும்பமே போயிற்று என்றுதான் அர்த்தம். கொலையாளியின் தங்கையைக் கட்டியவன் என்ன குற்றம் செய்தான்? ஆணை வந்த அன்று அவள் புருஷன் முகத்தில் எப்படி விழித்திருப்பாள்?

கொன்ற கையைச் சொல்லாதது கல்கியின் நாணயம். கல் சொல்லாத காரணத்தைக் காதலால் நிரப்பியது கதைக்காரனின் உரிமை. ஆனால் ரவிதாசனை மந்திரவாதியாகப் பார்த்து நடுங்குகிறோமே தவிர, ஒரு வீட்டுப் பிள்ளையாக நாம் பார்ப்பதே இல்லை. உத்தம சோழன் பட்டமேறுவதோடு கதை முடிந்துவிடுகிறது என்பது நியாயமான சமாதானந்தான். ஆனாலும் நந்தினிக்காக அத்தனை உருகிய நமக்கு, பேர் தெரியாத அந்தத் தங்கைக்காகவும் ஒரு சொட்டுக் கண்ணீர் மிச்சம் இருக்க வேண்டாமா? அவள் கதையை யாராவது எழுதட்டும். தலையணைக்கு அடியில் ஒளிக்காமல் படிக்கிறேன்.