டேட்டா தீர்ந்தது ஏன்? – மாணவர் விளக்கக் கட்டுரைகள் மீது ஒரு பார்வை

'கைப்பேசி டேட்டா விரைவில் தீர்வது ஏன்?' என்று கேட்டால் மாணவர்களின் கட்டுரைகள் பெரும்பாலும் அறிவுரையோடு நின்றுவிடுகின்றன. "காணொளி பார்ப்பதைக் குறைக்க வேண்டும்" என்று முடித்தால் போதுமா? 'வீட்டு வைஃபையில்தானே இருந்தேன், அப்புறம் எப்படித் தீர்ந்துச்சு?' என்பவருக்கு அதில் பதில் இல்லை. பழி மட்டுமே இருக்கிறது.

காரணம் தேடினால் கட்டுரை தேறும். ஐபோனில் 2015-இல் ஐஓஎஸ் 9-உடன் வந்த 'வைஃபை அசிஸ்ட்' ஓர் எடுத்துக்காட்டு. வைஃபை பலவீனமானால் கைப்பேசி தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவும். அதை நிறுத்தும் பொத்தான் மொபைல் டேட்டா அமைப்பில், செயலிப் பட்டியலுக்கும் கீழே இருக்கிறது. அங்குள்ள 'நடப்புக் காலம்' என்ற கணக்கையும் அப்படியே நம்பக்கூடாது. நாமே பூஜ்யமாக்கும்வரை பழைய மாதங்களும் பெரும்பாலும் அதில் சேர்ந்தே இருக்கும்.

ஆகவே, முதலில் கணக்கைப் பூஜ்யமாக்க வேண்டும். சில நாள் கழித்து, எந்தச் செயலி அதிகம் எடுத்தது என்று பார்க்கலாம். பிறகு அதற்கு மட்டும் மொபைல் டேட்டாவை நிறுத்தலாம். 'முதலில், பிறகு, அதனால்' ஆகிய இணைப்புச் சொற்களுக்கு இங்கேதான் வேலை. ஆசிரியர்களே, திருத்தும்போது மாணவர் எழுதிய படிகளைக் கைப்பேசியில் ஒருமுறை செய்து பாருங்கள். வேலை செய்தால் மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம்.