திருத்தம் எங்கே குடியிருக்கு?

ரா படத்தை நாம எவ்வளவு திருத்தினாலும் மூலப் பிக்சல் மாறாது. கூட்டின வெளிச்சம், குறைச்ச நிழல் எல்லாம் வெறும் குறிப்புகள்தான். அந்தக் குறிப்பு எங்கே கிடக்கிறது என்பதில்தான் என் சண்டை.

லைட்ரூம் கிளாசிக் அதைத் தன் கேட்டலாக்குக்குள் வைத்துக்கொள்கிறது. படத்துக்குப் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி கோப்பாக எழுதும் வசதி உண்டு. ஆனா நாமே அமைப்புகளுக்குள்ள போய் டிக் போடணும். போட்டாலும் விர்ச்சுவல் காப்பி, கலெக்‌ஷன் எதுவும் அதில் வராது. கேட்காமலே எழுத வேண்டியதை ஏன் ஒளித்து வைக்கணும்?

டார்க்டேபிள் தரவுத்தளத்திலும் எழுதும், எக்ஸ்எம்பியிலும் எழுதும். ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்தா திருத்தமும் கூடவே வந்துடும். இது நல்ல பழக்கம். ஆனால் பெயர்தான் பொது. டார்க்டேபிளின் மாட்யூல் கணக்கு லைட்ரூமுக்குப் புரியாது. லைட்ரூமுடையதில் கொஞ்சத்தைத்தான் டார்க்டேபிள் எடுத்துக்கும். கோப்பு நம்ம கையில், அதைப் படிக்கிற கண் மட்டும் அவங்க கிட்ட.

பாட்டியின் கடைசி வருஷப் படங்கள் நாற்பது இருக்கு. கண்ணோரச் சுருக்கம் தெரியுற மாதிரி நிழலைத் தூக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயங்காலம் போச்சு. அதுக்கு மட்டும் எக்ஸ்எம்பியை நம்பல. 16 பிட் டிஃப் கோப்பாவும் எடுத்து வெச்சிருக்கேன். டிஸ்க்கில் இடத்தைத் தின்னுது. தின்னட்டும்.